மாமாவின் சென்ட் பாட்டில்: ஆண்களுக்கான கிளாசிக் பெர்ஃப்யூம்கள் பற்றிச் சில குறிப்புகள்

என் பெரிய மாமா வளைகுடாவுல பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். பெட்டியைத் திறந்தா டார்ச் லைட், கோடாலித் தைலம், டேங் பவுடர், கேசட்டுன்னு எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கும். யாருக்கும் கிடையாதது ஒரே ஒரு சாமான்தான். கருப்பு நிறத்துல ஒரு பிரெஞ்சு சென்ட் பாட்டில். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கழுத்துல ரெண்டு அடி அடிச்சுக்குவார். "மாப்ளே, அதுல மட்டும் கை வைக்காதே"ன்னு எனக்குத் தனியா எச்சரிக்கை வேற.

மாமா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆச்சு. போன வருஷம் அத்தை பீரோவை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் பாட்டிலை எடுத்து என் கையில கொடுத்தாங்க. அடியில ஒரு விரல் அளவு மிச்சம் இருந்தது. அதைத் தீர்த்துடக் கூடாதேன்னு அதே பேர்ல புதுசா ஒண்ணு வாங்கினேன். ஒரு கையில பழசு, இன்னொரு கையில புதுசு அடிச்சு மோந்து பார்த்தா, ரெண்டும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி இருந்தது. ஜாடை இருக்கு, ஆள் வேற.

அந்தப் பாட்டிலின் பேரை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு கம்பெனி மேல புகார் சொல்றது என் நோக்கம் இல்லை. "கிளாசிக்" என்று எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆண்கள் பெர்ஃப்யூம்களைப் பற்றி விமர்சனம் எழுதும்போது நாம் உண்மையில் எதை விமர்சிக்கிறோம்? பேரையா, பாட்டிலையா, உள்ளே இருக்கும் திரவத்தையா? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு நாலு மாசம் படிச்சதோட சுருக்கம்தான் இந்தப் பதிவு.

வாசனையே இல்லாத செடியின் வாசனை

கதை ஒரு வேதியியலாளரிடமிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி பெர்கின். மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்கப் போய், 1856ல் தற்செயலாக ஊதா நிறச் சாயத்தைக் கண்டுபிடித்தவர். அப்போ அவருக்கு வயசு 18. அதே பெர்கின் 1868ல் கூமரின் என்ற பொருளை ஆய்வகத்தில் தயாரித்தார். தென்னமெரிக்காவில் விளையும் டோன்கா கொட்டையில் இயற்கையாகவே இருக்கும் பொருள் இது. வாசனை எப்படின்னா, புதுசா அறுத்த புல் வெயில்ல காயும்போது வருமே, அது கூடவே கொஞ்சம் பாதாம், கொஞ்சம் வெண்ணிலா. அப்படி ஒரு இனிப்பான வாசம்.

1882ல் பாரிஸின் ஹூபிகான்ட் நிறுவனத்துக்காக பால் பார்க்கே என்ற பெர்ஃப்யூமர் இந்தக் கூமரினை எடுத்து, லாவெண்டரோடும் ஓக்மாஸ் என்ற பொருளோடும் சேர்த்து ஒரு பெர்ஃப்யூம் செய்தார். பேர் ஃபூஜேர் ரோயால். "ராஜ பெரணி"ன்னு அர்த்தம். பெரணின்னா மலைப்பக்கம் ஈரமான இடத்துல விரிஞ்சு நிக்குமே, அந்தச் செடி. வேடிக்கை என்னன்னா, பெரணிக்குன்னு சொல்லிக்கிற மாதிரி வாசனையே கிடையாது. இல்லாத ஒரு வாசனையைக் கற்பனை பண்ணி, அதைப் பாட்டில்ல அடைச்சு வித்தார் மனுஷன்.

அதுவரைக்கும் பெர்ஃப்யூம்னா ரோஜா, ஆரஞ்சுப் பூ, கஸ்தூரி என்று இயற்கையில் இருப்பதைப் பிடித்து வைப்பதுதான் வேலை. ஃபூஜேர் ரோயாலுக்குப் பிறகு, இயற்கையில் இல்லாததையும் செய்யலாம் என்றாயிற்று. லாவெண்டர், கூமரின், ஓக்மாஸ் என்ற இந்த மூன்றின் கூட்டணிக்கு "ஃபூஜேர்" என்றே குடும்பப் பேர் வந்துவிட்டது. ஷேவிங் சோப்பு, ஷேவிங் க்ரீம், ஆஃப்டர்ஷேவ் எல்லாத்துலயும் இந்தக் கூட்டணி புகுந்தது. இன்னைக்கும் சலூனுக்குள்ள நுழைஞ்சதும் "இது ஆம்பளைங்க இடம்"னு மூக்கு சொல்லுதே, அதுக்கு அடித்தளம் 1882ல போட்டது.

ஏழு வருஷம் கழிச்சு, 1889ல் எமே கெர்லான் "ஜிக்கி" செய்தார். அதே லாவெண்டர், கூமரினோடு செயற்கை வெண்ணிலினும் சேர்ந்தது. இதை ஆண், பெண் ரெண்டு பேருமே போட்டாங்க. வாசனைக்கு ஆண் பால், பெண் பால் என்று கறாராகக் கோடு போட்டது இருபதாம் நூற்றாண்டு விளம்பர உலகம்.

வெட்கத்தைத் தாண்டிய கதை

"சென்ட் அடிக்கிற ஆம்பளை"ன்னா ஒரு மாதிரி பார்க்கிற வழக்கம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. மேற்கு நாடுகளிலும் சவரம் என்ற சாக்கு ரொம்ப நாள் தேவைப்பட்டது. முகத்துக்கு ஆஃப்டர்ஷேவ் போட்டா அது சுத்தம். அதே திரவத்தைச் சட்டையில அடிச்சா அலங்காரம்! நம்ம அப்பாக்கள் காலத்துல கொடிகட்டிப் பறந்த ஓல்ட் ஸ்பைஸ் 1938ல் அமெரிக்காவில் இந்தச் சாக்கில்தான் ஆண்களிடம் போய்ச் சேர்ந்தது. அதுக்கு முந்தின வருஷம் அதே பேரில் பெண்களுக்கான பொருள்தான் முதலில் வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

சாக்கு எதுவும் சொல்லாமல், ஆண்களுக்கான பெர்ஃப்யூம் என்று பேரிலேயே சொல்லிக்கொண்டு 1934ல் வந்தது கரோன் நிறுவனத்தின் "பூர் அன் ஓம்". "ஒரு ஆணுக்காக" என்று அர்த்தம். எர்னஸ்ட் டால்ட்ரோஃப் செய்தது. லாவெண்டரும் வெண்ணிலாவும்தான் முதுகெலும்பு. முதலில் சோப்புப் போட்டுக் குளித்த சுத்தம், அரை மணி நேரம் கழித்துப் பால்கோவா மாதிரி ஒரு மென்மை. இன்னமும் விற்பனையில் இருக்கிறது.

இதுக்கு அப்புறம்தான் துணி தைக்கிறவங்க வர்றாங்க. "டிசைனர் பெர்ஃப்யூம்" என்றால், உடை வடிவமைப்பு நிறுவனம் தன் பேரில் விற்கும் பெர்ஃப்யூம். பெண்களுக்கு இது எப்பவோ தொடங்கிவிட்டது. ஷனெல் நம்பர் 5 வந்தது 1921ல். ஆண்களுக்கு "பூர் மொஸ்யூ" என்று ஷனெல் வெளியிட்டது 1955ல், முப்பத்து நாலு வருஷம் கழிச்சு. கோகோ ஷனெல் உயிரோடு இருந்த காலத்தில் அந்த நிறுவனத்திலிருந்து வந்த ஒரே ஆண்கள் பெர்ஃப்யூம் அதுதான். எலுமிச்சை, ஏலக்காய், அடியில் ஓக்மாஸ். சத்தமே போடாது. பக்கத்துல உக்கார்ந்தாத்தான் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கணும். பாட்டிலில் பேர் இருக்கும் டிசைனர் பெரும்பாலும் அந்தப் பெர்ஃப்யூமைச் செய்தவர் இல்லை. செய்தவர் ஒரு பெர்ஃப்யூமர். பல சமயம் அவர் ஃபிர்மெனிஷ், ஜிவோடான், ஐ.எஃப்.எஃப் போன்ற வாசனைப் பொருள் நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். டிசைனர் பேரை உரிமம் வாங்கி விற்பது இன்னொரு நிறுவனம். ஆக, பேர் ஒருத்தருது, கைவேலை ஒருத்தருது, வியாபாரம் ஒருத்தருது. நம்ம சினிமாவுல கதை யாருதுன்னு தகராறு வர்ற மாதிரிதான்.

நம்ம வேர்

1959ல் கெர்லான் "வெட்டிவேர்" வெளியிட்டது. ழான் போல் கெர்லான் செய்தது, அவருக்கு அப்போ 22 வயசு. பேரைப் பாருங்க. பிரெஞ்சுக்காரங்க வெட்டிவேர்னுதான் எழுதறாங்க, ஆங்கிலத்துலயும் அதேதான். உலகத்து பெர்ஃப்யூம் அகராதிக்கெல்லாம் இந்த வார்த்தை தமிழிலிருந்துதான் போனது. நம்ம வீட்டுத் தண்ணிப் பானையில போடற, வெயில் காலத்துல ஜன்னலுக்குத் தட்டியாக் கட்டற அதே வேர். இன்னைக்கு பெர்ஃப்யூம் தொழிலுக்கு இந்த எண்ணெயை அதிகம் தரும் நாடு ஹைட்டி. வேர் கரீபியனுக்குக் குடிபோச்சு, பேர் மட்டும் நம்மது.

அந்த பெர்ஃப்யூம் நம்ம பானை வாசனையாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான். மேலே எலுமிச்சை வகைகள், நடுவில் ஜாதிக்காய், மிளகு, புகையிலை என்று ஒரு ஆர்ப்பாட்டம் நடக்கும். அதெல்லாம் அடங்கின பிறகு அடியில் அந்த ஈர மண் வாசம் தலை நீட்டும். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும். பாரிஸ்காரன் கோட்டு சூட்டைக் கழற்றிப் போட்டுட்டு நம்ம திண்ணையில வந்து உக்கார்ந்த மாதிரி.

ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு மூலக்கூறு

படிக்கப் படிக்க எனக்குப் பிடிபட்ட விஷயம் இது. ஆண்கள் பெர்ஃப்யூமின் வரலாறு டிசைனர்களின் வரலாறாகச் சொல்லப்பட்டாலும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு புது வேதிப்பொருள் நிற்கிறது.

1966ல் டியோரின் "ஓ சோவாஜ்". செய்தவர் எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா. கிராஸ் நகரத்துக்குப் பக்கத்தில் கப்ரிஸ் என்ற மலைக்கிராமத்தில் தோட்டம் போட்டுக்கொண்டு தனியாக வேலை செய்த ஆள். மேலோட்டமாப் பார்த்தா இது ஒரு எலுமிச்சை கொலோன். ஆனா சாதாரண கொலோன் இருபது நிமிஷத்துல பறந்துடும், இது நிக்கும். உள்ளே காற்றோட்டமா ஏதோ ஒண்ணு இருக்கும். அந்த "ஏதோ ஒண்ணு" ஹெடியோன். பிச்சிப்பூ வகை மல்லிகையின் வாசனையை ஆராயப் போன ஃபிர்மெனிஷ் வேதியியலாளர் எடுவார் டெமோலின் வேலையிலிருந்து கிடைத்த பொருள். தனியா மோந்தா பெருசா ஒண்ணும் தெரியாது. மத்த வாசனைகளோட சேர்ந்தா, பூட்டிக் கிடந்த வீட்டு ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிடும். ரூட்னிட்ஸ்கா போட்டது கொஞ்சம்தான். இன்னைக்கு ஹெடியோன் இல்லாத பெர்ஃப்யூமைத் தேடிப் பிடிக்கணும்.

எழுபதுகளில் பழைய ஃபூஜேர் மீசை முறுக்கிக்கொண்டு திரும்பி வந்தது. 1973ல் ழான் மார்ட்டெல் செய்த "பாக்கோ ரபான் பூர் ஓம்": சோப்பு, மூலிகை, தேன். 1978ல் "அஸ்ஸாரோ பூர் ஓம்": சோம்பு வாசம் தூக்கலாக. அதே வருஷம் அமெரிக்காவிலிருந்து ரால்ஃப் லாரனின் "போலோ": பைன் மரம், தோல், புகையிலை, அந்தப் பச்சை பாட்டில். 1981ல் பியேர் பூர்தோன் செய்த, இவ் சான் லோரானின் "கூரோஸ்". இது பற்றி மட்டும் நடுநிலை கிடையாது. சிலருக்கு அது கிரேக்கச் சிலை, சிலருக்கு அது பஸ் ஸ்டாண்டு கழிப்பறை. ரெண்டு கட்சியும் பொய் சொல்லலை. தேனும் மிருக வாசமும் கலந்த ஒரு பொருளை வெள்ளை வெளேர்னு ஒரு பாட்டில்ல அடைச்சு வெச்ச குறும்பு அது.

1982ல் கி லரோஷின் "ட்ராக்கார் நுவார்". பியேர் வார்ஞே செய்தது. இதில்தான் டைஹைட்ரோமிர்சினால் பெரிய அளவில் மேடை ஏறியது. கலவையில் சுமார் 10 சதவீதம் என்று சொல்வார்கள். எலுமிச்சையும் லாவெண்டரும் உலோகத்துல வார்த்த மாதிரி ஒரு கூர்மையான சுத்தம். அதுவரைக்கும் இது சோப்பு, துணிப் பவுடர்னு மலிவான இடங்களில் வேலை பார்த்த சரக்கு. சலவைக் காரத்துல கூட உடையாம நிக்கும் என்பது அதன் தகுதி. ஆறு வருஷத்துல, 1988ல், அதே பூர்தோன் "கூல் வாட்டர்" செய்தபோது அந்த அளவு இன்னும் கூடியது. பேர் கொடுத்த டேவிடோஃப் உடை வடிவமைப்பாளர்கூட இல்லை, சுருட்டு வியாபாரி. சுருட்டுக் கடைப் பேரில் கடல் தண்ணீர் வாசனை!

அதே 1988ல் டியோர் வெளியிட்டது "ஃபாரன்ஹீட்". வயலட் இலை, தோல், அதுக்கு நடுவுல பெட்ரோல் பங்க் வாசம். எல்லோரும் சுத்தத்தின் பக்கம் ஓடும்போது இது மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தது. அப்புறம் 1966லேயே பைசர் மருந்துக் கம்பெனி கண்டுபிடித்து ரொம்ப நாள் யாரும் பெருசாச் சீண்டாமல் கிடந்த கலோன் என்ற பொருள். தர்பூசணியும் கடல் காற்றும் கலந்த மாதிரி வாசம். தொண்ணூறுகளில் அதுக்கு ஒரு அலை வந்தது. 1996ல் அர்மானியின் "அக்வா டி ஜியோ" அந்த அலையின் உச்சியில் வந்தது.

கல்பாசியின் உறவுக்காரன்

சரி, மாமா பாட்டிலுக்கு வருவோம். புதுசு ஏன் வேற மாதிரி இருக்கு?

மேலே மூணு நாலு இடத்துல ஓக்மாஸ்னு சொன்னேன் இல்லையா? பேரில் "மாஸ்" இருந்தாலும் அது பாசி இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒண்ணா வாழும் லைக்கன் என்ற உயிர். ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையில் வளரும். செட்டிநாட்டுக் குழம்புக்குப் போடற கல்பாசியும் லைக்கன்தான். ரெண்டும் ஒரே தாவரவியல் குடும்பம். கல்பாசியை எண்ணெயில போட்டதும் ஒரு மண், மரம், ஈரம் கலந்த வாசம் எழும்புமே, அதை மனசுல வெச்சுக்கிட்டா ஓக்மாஸ் ஓரளவுக்குப் பிடிபடும். பெர்ஃப்யூமில் அது குழம்புக்குப் புளி மாதிரி. தனியா முன்னாடி வந்து நிக்காது, ஆனா மத்ததையெல்லாம் பிடிச்சு வைக்கும். ஃபூஜேரின் மூணு காலில் ஒரு கால் அது.

அந்த ஓக்மாஸில் அட்ரனால், குளோரோஅட்ரனால் என்று ரெண்டு பொருள் இருக்கு. தோல் ஒவ்வாமையை உண்டாக்குவதில் ரொம்பக் கெட்ட ஜோடி. பெர்ஃப்யூம் தொழில்காரர்களின் சர்வதேச அமைப்பான இஃப்ரா ஓக்மாஸின் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லிக்கொண்டே வந்தது. 2017ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த ரெண்டு பொருளையும் தடை செய்தது. 2019 ஆகஸ்டுக்குப் பிறகு அவற்றோடு புது சரக்கு சந்தைக்கு வரக்கூடாது, 2021 ஆகஸ்டுக்குப் பிறகு கடையிலேயே இருக்கக்கூடாது. இப்போ அந்த ரெண்டையும் நீக்கிச் சுத்திகரித்த ஓக்மாஸையும் செயற்கை மாற்றுகளையும் பயன்படுத்துகிறார்கள். பூண்டு இல்லாத ரசம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. ரசம்தான், ஆனா...

ஓக்மாஸ் மட்டுமில்லை. வெடிமருந்து ஆராய்ச்சியில் 1888ல் ஆல்பர்ட் பாவ்ர் தற்செயலாகக் கண்டுபிடித்த செயற்கைக் கஸ்தூரி வகையில் பிறந்த மஸ்க் அம்ப்ரெட், தொண்ணூறுகளில் ஐரோப்பாவில் தடையானது. பல சோப்பு, பெர்ஃப்யூம்களில் இருந்த லிலியால் 2022 மார்ச்சில் போனது. இன்னொரு பக்கம், தடை இல்லாமலே கை நழுவிய பொருள் சந்தனம். மைசூர்ச் சந்தன எண்ணெய்தான் ஒரு காலத்தில் உலக பெர்ஃப்யூமின் அடித்தளம். ஷனெலின் "எகோயிஸ்ட்" 1990ல் வந்தபோதுகூட சந்தனம்தான் அதன் நாயகன். ஆனால் கர்நாடக, தமிழகக் காடுகளில் மரம் அழிந்து, கடத்தல் பெருகி, விலை ஏறி, கடைசியில் பெரும்பாலான நிறுவனங்கள் செயற்கைச் சந்தனத்துக்கும் ஆஸ்திரேலியச் சந்தனத்துக்கும் மாறின. சத்தியமங்கலம் காட்டுல வெட்டின மரத்துக்கும் பாரிஸ் கடையில இருக்கிற பாட்டிலுக்கும் தொடர்பு இருக்குன்னு தினத்தந்தி படிச்சு வளர்ந்த எனக்கு அப்போ தெரியாது.

இந்த இடத்தில் பெர்ஃப்யூம் பிரியர்கள் வழக்கமாகப் பாடும் ஒப்பாரி ஒண்ணு உண்டு. "அதிகாரிகள் கலையைக் கொன்னுட்டாங்க" என்பது. நான் அதில் சேரவில்லை. தோல் ஒவ்வாமை ஒரு தடவை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். அப்புறம் சோப்பு வாங்கக்கூடப் பெட்டியைத் திருப்பிப் படிக்கணும். என் ரசனைக்காக இன்னொருத்தர் கை வெடிக்கணும்னு கேக்கறது நியாயமில்லை. எனக்குள்ள வருத்தம் வேற. மாற்றினால் மாற்றினோம் என்று யாரும் சொல்வதில்லை. அதே பேர், அதே பாட்டில், அதே விளம்பரம். விதிக்காக மாற்றினார்களா, செலவைக் குறைக்க மாற்றினார்களா என்று வாங்குகிறவனுக்குத் தெரிய வழியே இல்லை.

ஏன் சொல்லத் தேவையில்லைன்னா, சட்டப்படி பாதுகாப்பு பேருக்குத்தான். 2006 ஜூன் மாதம் ஒரே வாரத்தில் ரெண்டு தீர்ப்புகள் வந்தன. பெர்ஃப்யூம் வாசனைக்குப் படைப்புரிமை கிடையாது என்று பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மூணு நாள் கழித்து நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், லாங்கோமின் "த்ரெசோர்" வழக்கில், வாசனைக்கும் படைப்புரிமை உண்டு என்றது. பெர்ஃப்யூமின் தாய்வீடான பிரான்சிலேயே அது "படைப்பு" இல்லை! அதனாலதான் அத்தர் கடையில "அந்த டைப்"னு சொல்லி நகலைத் தாராளமா ஊத்திக் கொடுக்கறாங்க. அதே காரணத்தால, ரூட்னிட்ஸ்கா செய்ததை இப்படியே வெச்சிருன்னு யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

பழசும் பழசு இல்லை

இதுவரைக்கும் படிச்சிட்டு, "அப்போ மாமா பாட்டில்தான் அசல்"னு முடிவு கட்டியிருந்தேன். அங்கேயும் ஒரு இடி.

பெர்ஃப்யூம் ஊறுகாய் மாதிரி. பாட்டிலுக்குள்ளேயே மாறிக்கிட்டு இருக்கும். முதல் அஞ்சு நிமிஷம் வரும் எலுமிச்சை, பெர்கமோட் போன்ற மேல் வாசனைகள்தான் முதலில் காற்றுப் பட்டுக் கெடும். கெட்டால் டர்பன்டைன், நெயில் பாலிஷ் பக்கம் ஒரு நெடி வரும். சூடும் வெளிச்சமும் இதை வேகப்படுத்தும். முப்பது வருஷம் நம்ம ஊர் கோடையைப் பார்த்த ஒரு பாட்டில், கடைசியில் விரல் அளவு திரவமும் மேலே முழுக்கக் காற்றுமாக இருந்த பாட்டில், 1990ல் மாமா அடித்ததை அப்படியே வைத்திருக்கும் என்று நான் எப்படி நம்பினேன்? பீரோவுக்குள்ள இருட்டுல இருந்ததால அடிவாசம் தப்பிச்சிருக்கு. மேல்வாசம் போயே போச்சு.

அசலைப் பார்க்கணும்னா ஒரே இடம்தான். பிரான்சின் வெர்சாய் நகரத்தில் 1990ல் தொடங்கிய ஓஸ்மோதேக் என்ற வாசனைக் காப்பகம். ழான் கெர்லெயோ என்ற பெர்ஃப்யூமர் முன்னின்று தொடங்கியது. மறைந்துபோன பெர்ஃப்யூம்களைப் பழைய செய்முறைப்படியே திரும்பச் செய்து, ஆர்கான் வாயு அடைத்து, 12 டிகிரி குளிரில், இருட்டில் வைத்திருக்கிறார்கள். 1882ன் ஃபூஜேர் ரோயால் அங்கே இருக்கிறது. 2010ல் ஹூபிகான்ட் அதே பேரில் கடைக்குக் கொண்டுவந்தது புதிதாக எழுதிய ஒன்று.

மூணாவது ஒண்ணு இருக்கு. திரவம் மாறாமலே இருந்தாலும் நம்ம மூக்கு மாறிடுச்சு. ட்ராக்கார் நுவார் 1982ல் வந்தபோது அது ராத்திரி விருந்துக்குப் போகும் வாசனை. அப்புறம் அந்தச் சுத்த வாசனை எல்லாருக்கும் பிடிச்சுப்போய் ஷாம்பு, பாடி ஸ்ப்ரே, துணிப் பவுடர், தரை துடைக்கிற திரவம்னு எங்கே பார்த்தாலும் வந்துடுச்சு. இன்னைக்கு இருபது வயசுப் பையன்கிட்ட கூல் வாட்டரைக் கொடுத்துப் பாருங்க. "ஏதோ பாத்ரூம் வாசனை மாதிரி இருக்கே"ம்பான். அவனைத் திட்டிப் பிரயோசனமில்லை. அந்தப் பெர்ஃப்யூமை மாதிரி பாத்ரூமைச் செஞ்சு வெச்சிருக்கோம், அவன் பாத்ரூமை முதல்ல பார்த்துட்டான்.

இனி எப்படி விமர்சிப்பது?

ஆக, கிளாசிக் பற்றி "அந்தக் காலத்துல இருந்த மாதிரி இல்லை" என்று ஒருவர் எழுதினால், மூன்றில் எது மாறியது என்று கேட்க வேண்டும். திரவமா, பாட்டிலுக்குள் வயதா, சுற்றியிருக்கும் உலகமா? பெரும்பாலும் மூணும் சேர்ந்திருக்கும். நான் இப்போ எனக்குன்னு சில பழக்கங்கள் வெச்சிருக்கேன்.

முதலில் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது. 2005லிருந்து ஐரோப்பாவில் 26 ஒவ்வாமைப் பொருட்களைப் பேர் சொல்லி அச்சிட வேண்டும் என்று விதி. அதனால் பட்டியல் ஆல்கஹால், தண்ணீர், பெர்ஃப்யூம் என்று ரெண்டு மூணு வார்த்தையில் முடிந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தைய சரக்கு. லினலூல், லிமோனீன், கூமரின் என்று நீண்டால் பிந்தையது. அதில் "எவர்னியா ப்ருனாஸ்ட்ரி" என்று இருந்தால் அதுதான் ஓக்மாஸ். பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம் எனக்கு. 2023ல் இந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேலாக நீட்டியிருக்கிறார்கள், இனி பெட்டி இன்னும் அதிகம் பேசும்.

அடுத்தது, பாட்டில் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணையும் வாங்கிய வருஷத்தையும் குறித்து வைப்பது. எந்த வருஷத்துப் பாட்டில் என்று சொல்லாத விமர்சனம், எந்த ஊர் ஹோட்டல் கிளை என்று சொல்லாமல் பிரியாணியைத் திட்டுவது மாதிரி.

கடைசியா, முதல் அஞ்சு நிமிஷத்தை வெச்சுத் தீர்ப்பு சொல்றதில்லை. கடையில காகிதப் பட்டையில அடிச்சுத் தரும்போது நாம மோந்து பார்க்கறது முகப்பை மட்டும்தான். ஓ சோவாஜோ, வெட்டிவேரோ, தோலில் போட்டு மூணு மணி நேரம் வெயில்ல சுத்திட்டு வந்தாத்தான் ஆள் யாருன்னு தெரியும்.

இப்படியெல்லாம் பார்த்த பிறகு, புது பாட்டில் மேல இருந்த கோபம் எனக்குப் போயிடுச்சு. அதை தினமும் ஆபீசுக்குப் போடறேன். இன்னைக்கு எழுதப்பட்ட ஒரு நல்ல ஃபூஜேர் அது, அவ்வளவுதான். மாமாவுடைய பாட்டில் பழையபடி பீரோவுக்குள்ள இருக்கு. போன மாசம் தங்கச்சி மகன் கல்யாணத்துக்கு அதுலேர்ந்து ஒரே ஒரு அடி அடிச்சுக்கிட்டுப் போனேன். மேல்வாசம் இல்லாத, முப்பது வருஷம் வயசான, எந்த ஓஸ்மோதேக்கும் அசல்னு ஒத்துக்காத வாசனை. பந்தியில பக்கத்துல உக்கார்ந்த அத்தை மட்டும் சாப்பாட்டை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தாங்க.

உங்க வீட்டு பீரோவுலயும் இப்படி ஒரு பாட்டில் இருந்தா, தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பாருங்க. பெட்டி இருந்தா பின்பக்கத்தையும் படிங்க. என்ன எழுதியிருந்ததுன்னு எனக்கும் சொல்லுங்க.